கடைசி ஸ்டேஷனில் மூடிய கதவு

நாங்கள் புத்தூர்க்காரர்கள். சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனபோதுதான் முதன்முதலாக மெட்ரோவில் ஏறினோம். உயரத்தில் இருந்த கடைசி ஸ்டேஷனில் பைகளை அள்ளிக்கொண்டு இறங்கினோம். கதவு மூடிக்கொண்டது.

"பாப்பா எங்க?" என்றார் கணவர்.

"உங்க மடியில தூங்கிக்கினு இருந்தாளே!"

"சீட்ல படுக்க வெச்சேன். நீ தூக்கினு வருவேன்னு நெனச்சேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தட்டத் தட்ட, ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டது. பிளாட்பாரம் முடிந்த இடத்தில் வெறும் தண்டவாளம்தான். பின்னால் ஓடவும் வழியில்லை.

காவலாளி வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, "வண்டி அந்தப் பக்கம் போய் தடம் மாறித் திரும்பி வரும்மா, நில்லுங்க" என்றார். அழுதுகொண்டே நின்றேன்.

எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ரயில் திரும்பி வந்தபோதும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போதெல்லாம் பஸ்ஸோ ரயிலோ, "பாப்பா எங்கிட்ட" என்று ஒருவர் சத்தமாகச் சொன்ன பிறகுதான் மற்றவர் பையைத் தொடுகிறார்.