ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

2010 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, கடலூர் தாலுகா அலுவலகத்து உதவியாளர் ராஜாமணி வீட்டுக்குப் போகும் வழியில் திருப்பாதிரிப்புலியூர் தேரடித் தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்து, ஒரு மெயிலை மூன்று தடவை படித்தான். அவனும் நண்பர்களும் ஆடிவந்த கிரிக்கெட் லீக்கை நான்கு வருஷமாக இலவசமாக வைத்திருந்த இணையதளம் மாதக் கடைசியோடு மூடப்படுகிறதாம். அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிகவும் பணிவாக எழுதியிருந்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்பவர்கள்கூட இத்தனை பணிவாகச் சொல்வதில்லை.

லீக் என்றால் மைதானத்தில் இறங்கி ஆடுவது இல்லை. உலகத்தில் நிஜமாக ஆடிக்கொண்டிருக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரர்களில் ஆளுக்குப் பதினோரு பேரைப் பிரித்துக்கொண்டு ஒரு கற்பனை அணி வைத்துக்கொள்வது. ஒருவர் எடுத்த ஆட்டக்காரர் இன்னொருவருக்குக் கிடையாது. அவர்கள் எங்கேயோ ஆடி ரன் எடுத்தால், விக்கெட் எடுத்தால், இங்கே அணிக்குப் புள்ளி விழும். கணக்கை இணையதளம் பார்த்துக்கொள்ளும். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பதுதான் அணி வைத்திருப்பவர் வேலை. வருஷம் முழுக்க நடக்கும் ஆட்டம் இது. புவனகிரிப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் அவர்களோடு ஒட்டிக்கொண்டவர்களுமாக எட்டுப் பேர், எட்டு அணி.

இதைக் கொண்டுவந்தவன் தங்கராசு. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளன். 2006இல் அவன் இந்த ஆட்டத்தைச் சொன்னபோது ஒருவருக்கும் புரியவில்லை. ஆட்டக்காரர்களைப் பிரித்துக்கொள்ளும் நாளுக்கு அந்த இணையதளத்தில் 'டிராஃப்ட்' என்று பெயர். உரக்கடை வைத்திருந்த கண்ணாயிரம், "டிராஃப்ட்டு எந்த பேங்குல எடுக்கணும்? யார் பேருக்கு?" என்று கேட்டு வருஷக்கணக்கில் பேச்சு வாங்கினான். லீக்கை நடத்துபவனுக்கு அந்தத் தளம் வைத்திருந்த பெயர் கமிஷனர். "கமிஷனர்னா கவர்மென்ட் ஆளுதான் இருக்கணும்" என்று சொல்லி, தங்கராசு அந்தப் பொறுப்பை ராஜாமணி தலையில் கட்டிவிட்டான். ராஜாமணியின் மனைவியும் அவனைக் கொஞ்ச நாள் கமிஷனர் என்று கூப்பிட்டாள், காய்கறி வாங்க அனுப்பும்போது.

2010 ஜனவரியில், காணும் பொங்கலுக்கு மறுநாள், தங்கராசு நெஞ்சுவலியில் இறந்துபோனான். வயது முப்பத்தாறு.

அவனுடைய அணியின் பெயர் பிச்சாவரம் முதலைகள். ஜனவரிக்குப் பிறகும் அது பட்டியலில் இருந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, ராஜாமணியும் எடுக்கவில்லை. பழைய தளம் இருந்த வரையில் அது ஒரு பிரச்சினையாக இல்லை. இப்போது காலி செய்து கிளம்பும்போதுதான், எதைத் தூக்கிக்கொண்டு போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வி வந்தது. முதலைகளை விட்டுவிட்டுப் போவதில்லை என்பதில் ராஜாமணி தெளிவாக இருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று தளங்களைப் பார்த்தான். முதலாவது பார்க்கவே கண்ணைப் பறித்தது. ஆட்டம் நடக்க நடக்கப் புள்ளி ஏறும், கைபேசிக்குத் தகவல் வரும். ஆனால் இரண்டு வாரம் ஒருவர் உள்ளே வரவில்லை என்றால் அவர் அணியைத் தானாக நீக்கிவிடும். இரண்டாவது கிரெடிட் கார்டு கேட்டது. இருந்த ஏழு பேரில் யாரிடமும் அது இல்லை. கண்ணாயிரம் தன் ஏ.டி.எம். அட்டையை எடுத்து நீட்டி, "இதுவும் கார்டுதானேடா" என்றான். மூன்றாவது, இங்கிலாந்தில் யாரோ நடத்துவது. சாம்பல் நிறம், பொடி எழுத்து, படம் ஒன்றும் கிடையாது. புள்ளிகள் மறுநாள்தான் வரும். ஆனால் அங்கே எந்த அணியையும் எத்தனை காலம் வேண்டுமானாலும் அப்படியே வைத்திருக்கக் கமிஷனருக்கு உரிமை உண்டு.

"மூணாவதுதான்" என்றான் ராஜாமணி.

"என்னா மச்சான் இது, ரேஷன் கார்டு மாரி இருக்கு" என்றான் கண்ணாயிரம். இருவரும் கடலூர் பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் நின்றிருந்தார்கள். "மொதல்ல பாத்தது எவ்ளோ ஷோக்கா இருந்துது!"

"இதுல நம்ம ரூல்ஸெல்லாம் போட்டுக்கலாம். டக் அவுட்டுக்கு மைனஸ் பத்து."

"அதுலயும் போடலாம், நானும் பாத்தேன்." கண்ணாயிரம் டீயை ஒரு வாய் குடித்தான். "எட்டாவது டீமுக்கு என் மச்சினனச் சேத்துக்கலாம்டா. பண்ருட்டியில இருக்கான், நல்ல பையன். எப்பப் பாத்தாலும் கிரிக்கெட்டுதான்."

"எட்டாவது டீமுக்கு ஆள் இருக்கு."

கண்ணாயிரம் அவனைப் பார்த்தான். பிறகு டீக்கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணே, சக்கரை ஜாஸ்தி" என்றான்.

ஜூன் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் கூடினார்கள். ஒரே கம்ப்யூட்டரில் வரிசையாக ஒவ்வொருவராக உட்கார்ந்து புதுத் தளத்தில் பதிவு செய்தார்கள். பெயர், மெயில் முகவரி, பிறந்த தேதி. கடைசியாக ராஜாமணி உட்கார்ந்து தன் பெயரைப் பதிந்தான். எழுந்திருக்காமல் இன்னொரு பெயரையும் பதிந்தான். தங்கராசுவுக்குப் புதிதாக ஒரு பொய் மெயில் முகவரி உண்டாக்கியிருக்கலாம். அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை. அவனுடைய பழைய முகவரியையே தந்தான். பின்னால் நின்றுகொண்டிருந்த கண்ணாயிரம் பார்த்துவிட்டு, மற்றவர்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் லீக் முடக்கப்பட்டது. ஒரே ஆள் பல பெயர்களில் கணக்கு திறந்திருப்பதாகத் தெரிகிறது. எட்டும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வந்திருக்கின்றன. அவற்றில் ஐந்துக்குப் பிறந்த தேதியும் ஒன்றே. விளக்கம் தரவும் என்று இங்கிலாந்திலிருந்து கடிதம்.

உண்மைதான். ஐந்து பேருக்கும் பிறந்த தேதி ஜூன் ஒன்று, 1973. பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளையின் கையைத் தலைக்கு மேலே போட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று தலைமையாசிரியர் ஜூன் ஒன்றைப் போட்டுவிடுவார். ஊரில் அது யாருக்கும் விசித்திரமாகப் பட்டதில்லை.

ராஜாமணி அலுவலகத்தில் கடிதம் எழுதப் பெயர் வாங்கியவன். தாசில்தார்கள் மாறிப் போகும்போது அவனைக் கூடவே கொண்டுபோக முடியவில்லையே என்று வருத்தப்பட்டதுண்டு. இதற்கும் அதே முறையில் எழுதினான். பொருள்: ஒரே பிறந்த தேதி குறித்து விளக்கம் அளித்தல் தொடர்பாக. பார்வை: தங்கள் மின்னஞ்சல், நாள் 21.6.2010. பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது. மேற்படி ஐவரும் வெவ்வேறு தாய்க்கு வெவ்வேறு மாதங்களில் பிறந்தவர்கள். தலைமையாசிரியர் காது தொடும் முறையில் வயதை நிர்ணயம் செய்து, நிர்வாக வசதியை முன்னிட்டு ஒரே நாளில் பிறக்கச் செய்தார். இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினான்.

இங்கிலாந்துக்காரர் அதைப் படித்துச் சிரித்திருக்க வேண்டும். லீக்கைத் திறந்துவிட்டார். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. அந்த ஐந்து பேரும் தனித்தனி ஆட்கள்தான் என்று அவரவர் மெயிலில் ஒரு வாரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும் என்றார். நான்கு பேர் அன்றே செய்துவிட்டார்கள். ஐந்தாவது மெயில் எங்கே போயிருக்கும் என்று ராஜாமணிக்கு உறைப்பதற்குள் போன் வந்துவிட்டது.

தங்கராசுவின் மனைவி அனுப்பிரியா.

"அண்ணே, அனு பேசறேன். எல்.ஐ.சி. விஷயமா அவுங்க மெயிலத் தொறந்தேன். வெளிநாட்டுலேர்ந்து ஒண்ணு வந்திருக்கு."

"என்னாம்மா?"

"நீங்க நெஜமான ஆளுதானா, சொல்லுங்கன்னு கேக்கறான். ரெண்டு பட்டன் இருக்கு. நான் எதண்ணே அமுக்கட்டும்?"

"ஒண்ணும் அமுக்காதம்மா. ஞாயித்துக்கெழம நேர்ல வரேன்" என்றான் ராஜாமணி.

ஞாயிற்றுக்கிழமை அவன் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மின்வெட்டு. தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்த சின்ன வீடு. தங்கராசுவின் கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருந்தது. அனுப்பிரியா விசிறியையும் ஒரு சொம்பு மோரையும் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு மணிக்குத்தான் கரண்ட் வரும். சாப்ட்டுடுங்க."

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"பேரப் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணே. கண்ணாயிரம் அண்ணன் அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாரு." அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "ஆனா அந்த டீமப் போயிப் பாத்தேன். பழைய சைட்டுல எட்டாவது எடம். ரெண்டு பேரு அடிபட்டு ஆடறதே இல்ல. ஒருத்தரு ரிட்டயரே ஆயிட்டாரு. அதே பதினோரு பேர புதுசுக்கும் தூக்கிட்டுப் போயிருக்கீங்க."

"அவன் வெச்ச டீம்மா. அதுல கை வைக்க…"

"அவுங்க இருந்தா இப்படி வுடுவாங்களா? டாஸ் போடற வரைக்கும் மாத்திக்கிட்டே இருப்பாங்க. தட்டுல சோறு ஆறிப்போவும். பாதி நாளு நான் சொல்லித்தான் மாத்துவாங்க, அதத் தெரிஞ்சுக்கோங்க. வெளியில சொல்ல மாட்டாங்க." கொஞ்ச நேரம் விசிறியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். "அவுங்க பேரு கடைசி எடத்துல நிக்கறது எனக்குப் புடிக்கலண்ணே."

ராஜாமணிக்கு இது தோன்றவே இல்லை. ஐந்து மாதமாக அந்த அணியைத் தொடாமல் வைத்திருப்பதைத்தான் அவன் மரியாதை என்று நினைத்திருந்தான்.

"நீ பாத்துக்கறியாம்மா?" என்று கேட்டான்.

"பாத்துக்கறேன். ஆனா என் பேர்ல. அவுங்க மாதிரி நடிச்சி எனக்கு வராது." எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்து மடித்தாள். "அந்தப் பட்டன்தான் என்னா பண்றதுன்னு தெரியல. ஆமான்னு அமுக்கினா பொய்யி. இன்னொண்ணு, 'இது என் கணக்கு இல்லை'ன்னு போட்டிருக்கான். அதுவும் பொய்யிதான? அவுங்க டீம்தான அது. நீங்களே அவனுக்கு ஒரு லெட்டர் எழுதிடுங்க."

இரண்டு மணி தாண்டி மின்சாரம் வந்தது. ராஜாமணி தங்கராசுவின் நாற்காலியில் உட்கார்ந்தான். பொருள், பார்வை இரண்டும் சரளமாக வந்துவிட்டன. அதற்கு மேல் ஓடவில்லை. ஏழு வருஷம் வாரிசுச் சான்றிதழ் பிரிவில் இருந்தவன் அவன். இன்னார் இன்ன தேதியில் காலமாகிவிட்டார் என்ற வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை எழுதியிருக்கிறான். டீ குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறான். தங்கராசுவின் வாரிசுச் சான்றிதழ் சிதம்பரம் தாலுகாவில் வேறு யாரோ எழுதியது. அந்த வேலை தன் மேசைக்கு வராமல் போனதில் அப்போது ஒரு நிம்மதி இருந்தது.

அனுப்பிரியா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுத் திரும்பி வந்தபோதும் திரையில் அதே இரண்டு வரிதான் இருந்தது.

"பதினேழாம் தேதிண்ணே. ஜனவரி" என்றாள்.

"தெரியும்மா."

எழுதினான். மேற்படி ஐவரில் தங்கராசு 17.1.2010 அன்று காலமாகிவிட்டார். இதை முன்பே தெரிவிக்காதது இக்கடிதம் எழுதுபவரின் தவறு. அவருடைய அணியை அவர் மனைவி நடத்துவார். படித்துப் பார்த்தான். அலுவலகத்தில் என்றால் இரண்டாவது வாக்கியத்தை அடித்திருப்பான். அடிக்காமல் அனுப்பினான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஆழ்ந்த வருத்தம் என்று ஒரு வரி. கணக்கு மாற்றப்பட்டது, புது உரிமையாளரின் பிறந்த தேதி தேவை என்று இன்னொரு வரி. ராஜாமணி கொஞ்சம் பயந்துகொண்டேதான் போன் செய்து கேட்டான்.

"ஜூன் ரெண்டு" என்றாள் அனுப்பிரியா. "எங்க ஹெட்மாஸ்டர் கொஞ்சம் நிதானமான ஆளு."

முதல் வாரத்திலேயே முதலைகள் அணியில் நான்கு பேர் மாறினார்கள். அடிபட்ட இருவர், ஓய்வு பெற்றவர், கூடவே நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவர். அவரை ஏன் நீக்கினாய் என்று கண்ணாயிரம் போன் செய்து கேட்டதற்கு, "அவுரு மழ பெய்யற ஊர்ல ஆட மாட்டாருண்ணே, பாருங்க" என்றாளாம். அப்படியே ஆயிற்று. ஆகஸ்ட் நடுவில் முதலைகள் நான்காவது இடத்துக்கு வந்தது. கண்ணாயிரம் ஆறாவது. "மச்சான், பேசாம என் மச்சினனையே சேத்திருக்கலாம்" என்று ராஜாமணியிடம் புலம்பினான்.

ஒரு சனிக்கிழமை காலையில் ராஜாமணி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோது அனுப்பிரியா போனில் கூப்பிட்டாள். அன்றைக்கு ஆட்டம் இருந்தது. பந்துவீச்சாளர் ஒருவரை மாற்றியிருந்தாள், கமிஷனர் அனுமதி தர வேண்டும்.

"குடுத்துட்டேம்மா, இப்பதான்."

"சரிண்ணே." வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை. "அண்ணே, கடைசில யாரு இருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"யாரு?"

"நீங்கதான். அடிபட்ட ஆளுங்க மூணு பேர வெச்சிருக்கீங்க. ஜனவரிலேர்ந்து ஒரு ஆளக்கூட மாத்தல."

அவன் தன் அணியைத் திறந்தான். அவள் சொன்னது சரி. மற்ற ஏழு அணிகளின் மாற்றங்களுக்கும் நாள் தவறாமல் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தவன், தன் பதினோரு பேரைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

"டாஸ் எத்தன மணிக்கும்மா?"

"ரெண்டரைக்கு. இன்னும் டைம் இருக்கு" என்றாள்.

ராஜாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பெயரின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனான்.