கண்டக்டர் சிஸ்டர் உட்காரும் பெஞ்சு

மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் சிஸ்டர் என்பார்கள். அவசரத்தில் வெறும் கண்டக்டர். நர்ஸ் ஆவதற்கு முன்னால் நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். நாள் முழுக்க நின்று நின்று முதுகு ஒடிந்துபோய், வேறு வேலை தேடலாம் என்று முடிவெடுத்து, கைக்குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு நர்சிங் படிக்கப் போனார். "உட்கார்ந்து வேலை பார்க்கணும்னு ஆசைப்பட்டு நர்ஸா வந்த ஒரே ஆள் இந்த உலகத்துல நான்தான்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

தொழில் மாறினாலும் குரல் மாறவில்லை. டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது பயிற்சி மாணவிகள் கதவடியில் மொய்த்துக்கொண்டு நின்றால், "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க, நடுவுல எவ்வளவு இடம் காலியா இருக்கு!" என்பார். கட்டிலில் போர்த்திப் படுத்திருக்கும் நோயாளிகள்கூடப் போர்வைக்குள் சிரிப்பார்கள்.

வார்டு இரண்டாவது மாடியில் இருந்தது. கட்டில்களைத் தரையோடு திருகி முடுக்கியிருந்தார்கள். ஜன்னல்களில் திரைச்சீலை இருக்கும், அதைத் தொங்கவிடும் கம்பி இருக்காது, இழுத்தால் பிரிந்துவரும் ஒட்டுத்துணியில் ஒட்டியிருப்பார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குக்கூட ஒரு கம்பிக்கூண்டு. நர்சுகள் உட்காரும் அறைக்கு இடுப்பளவு சுவர், அதற்கு மேலே கண்ணாடி. நடைபாதைக் கோடியில், ஜன்னலுக்குக் கீழே, சாய்மானம் இல்லாத ஒரு மரப்பெஞ்சு.

அங்கே வேலைக்கு வருகிறவர்கள் பயப்படுவது கத்துகிறவர்களைப் பார்த்தோ, தனக்குத் தானே பேசுகிறவர்களைப் பார்த்தோ அல்ல. ஆளுமைக் கோளாறு என்று டாக்டர்கள் சொல்லும் வகையினரைப் பார்த்துத்தான். பார்த்தால் நம்மைப் போலவே இருப்பார்கள். தெளிவாகப் பேசுவார்கள். காலையில் நம்மைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், சாயங்காலம் காலில் போட்டு மிதிப்பார்கள். யாராவது விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் வந்தால் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள். "எல்லாம் நடிப்பு" என்று வார்டில் பலரும் சொல்வது வழக்கம். கண்டக்டர் அதற்கு மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். "தன் கையைத் தானே கிழிச்சுக்கிட்டு நடிக்கிறவ எவ்வளவு வலியில இருக்கணும்? யோசிச்சுப் பாரு" என்பார்.

அப்படித்தான் ஒருநாள் அச்சகத்துப் பெண் வந்து சேர்ந்தாள். ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களையும் கடை நோட்டீசுகளையும் கணினியில் வடிவமைத்துக்கொண்டிருந்தவள். கூடப் பழகியவன் விட்டுவிட்டுப் போன அன்று தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு, கட்டுப்போட்ட கைகளோடு வந்தாள். வந்த வாரத்திலேயே தட்டை வீசினாள், சமையல்காரரிடம் சண்டை போட்டாள், மன்னிப்புக் கேட்டு அழுதாள், மறுபடி வீசினாள். பணியாளர்கள் அவளுக்குப் பட்டாசு என்று பட்டம் சூட்டினார்கள். அந்தப் பெயரைக் கண்டக்டர் ஒரே மூச்சில் நிறுத்தினார். "நீங்க பட்டாசுன்னு கூப்பிட்டா அவ வெடிக்காம வேற என்ன செய்வா?"

கண்டக்டரும் டாக்டரும் உட்கார்ந்து பேசி ஒரு முறை வகுத்தார்கள். தினமும் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு கண்டக்டர் அந்தப் பெஞ்சில் அவளோடு உட்காருவார். அன்று அவள் ஒழுங்காக இருந்தாளா, ரகளை செய்தாளா என்பது கணக்கில்லை. காயப்படுத்திக்கொண்டால் யார் பணியில் இருக்கிறாரோ அவர் திட்டாமல், பதறாமல், மருந்து வைத்துக் கட்டுப்போடுவார், அவ்வளவுதான். பேச்சு பெஞ்சில்.

"காயம் பட்டாதான் ஆளுங்க ஓடி வருவாங்கன்னு அவளுக்குப் பழகிப்போச்சு. காயம் இல்லாமலே வர்ற ஆள் ஒண்ணு வேணும்" என்று மற்ற நர்சுகளிடம் கண்டக்டர் விளக்கினார்.

நெட்டை சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட இளைய நர்சுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "அக்கா, பஸ்ல ஏத்தின மாதிரி எல்லாரையும் ஏத்திக்கிட்டே போறீங்க. ஒருநாள் அந்தப் பொண்ணு உங்களையே கீழே தள்ளிவிடப் போகுது, பாருங்க" என்றார்.

அச்சகத்துப் பெண்ணும் சும்மா இருக்கவில்லை. சில நாட்களிலேயே கண்டக்டர் அவளுக்குத் தெய்வமாகிவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் அரக்கிகள். ஒரு மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்க ஒருத்தர்தான் இங்க மனுஷி. அந்த நெட்டை உங்களைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு தெரியுமா?"

"தெரியாதே. அவங்க அங்கதான் மாத்திரை எடுத்து வைக்கிறாங்க. கூப்பிடுறேன், மூணு பேரும் உட்கார்ந்து பேசுவோம்."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. "வேணாம்."

"சரி. அப்ப அந்தப் பேச்சும் வேணாம். இன்னிக்கு என்ன சாப்பிட்டே, அதைச் சொல்லு."

தெய்வமாக இருப்பது யாருக்கும் பிடிக்கத்தான் செய்யும். கண்டக்டர் அந்தப் பீடத்தில் ஏறவே இல்லை. ஏறினால் இறக்கிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, தான் ஏறினால் மற்ற நர்சுகள் அவளுக்கு இல்லாமல் போய்விடுவார்கள் என்பதும் தெரியும்.

அப்போது கண்டக்டரின் கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கனம் தூக்கித் தூக்கி வந்த வினை. கண்டக்டர் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. முன்கூட்டியே பெஞ்சில் வைத்துச் சொன்னார்: எப்போது போகிறேன், எப்போது திரும்பி வருவேன், நடுவிலும் ஒரு நர்ஸ் வந்து உட்காருவார்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "போங்க. எல்லாரும் போறவங்கதானே."

மறுநாள் காலை, டாக்டர் வார்டைச் சுற்றி வந்தபோது, எல்லோர் முன்னாலும் அவள் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். கண்டக்டர் சிஸ்டர் தன் கையை முறுக்கிவிட்டார் என்றாள். கையில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது.

விசாரணை என்று வந்துவிட்டால் யாராக இருந்தாலும் வார்டில் இருக்கக் கூடாது. அது சரியான விதிதான். நோயாளி சொல்வதைக் கேட்காத மருத்துவமனை மருத்துவமனையே அல்ல என்று கண்டக்டரே பயிற்சி மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் தயங்கித் தயங்கி, விடுப்பு முடிந்ததும் கீழே வெளிநோயாளிகள் பிரிவுக்கு வரச் சொன்னபோது தலையாட்டினார். வார்டுச் சாவியைக் கழற்றி நெட்டை சிஸ்டரிடம் கொடுத்தார்.

"நான் அப்பவே சொன்னேனே அக்கா!" என்றார் நெட்டை சிஸ்டர் கோபத்தோடு.

"சொன்னே. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? மத்தியானம் அந்தப் பெஞ்சுல நீ உட்காரு. நான் இல்லாதப்பவும், நான் திரும்பியே வராம போனாலும்."

"உங்க மேல பழி போட்டவகூடவா?"

"அவகூடத்தான்."

வீட்டில் அவரால் அப்படி நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த கணவர் படுக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே பொரிந்து தள்ளினார். "இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்து உழைச்சதுக்கு நல்லா கொடுத்தாங்க! நாளைக்கே வேற இடம் பாரு." கண்டக்டர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பள்ளிக்கூடம் முடிக்கப்போகும் மகள் வந்து குழாயை மூடினாள்.

"அந்தப் பொண்ணு மேல உனக்குக் கோவமே வராதாம்மா?"

"வராம? இன்னிக்குக் காலையில நிஜமாவே அவ கையைப் பிடிச்சு முறுக்கணும் போல இருந்துச்சு."

மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு, "எங்ககிட்ட மட்டும் உடனே கோவத்தைக் காட்டிடுறே. பேஷண்ட்டுக்குன்னா உட்கார்ந்து கேக்குறே. உன்கிட்ட பேசணும்னா நானும் வார்டுல வந்து சேரணுமா?" என்றாள்.

அந்த வாரம் அவருக்கு விழுந்த அடிகளில் அதுதான் பலமானது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "சொல்லு" என்றார். மகள் சொல்ல ஆரம்பித்தாள், நிறைய இருந்தது.

வார்டில் நெட்டை சிஸ்டர் வேண்டாவெறுப்பாகத்தான் முதல்நாள் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அச்சகத்துப் பெண் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நெட்டை சிஸ்டர் தனியாக உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார். பிறகு ஒருநாள் அவள் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, கேவலமாகத் திட்டித் தீர்த்தாள். நெட்டை சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "நாளைக்கும் வருவேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடி வந்தார். அவள் கையைக் காயப்படுத்திக்கொண்ட அன்று முகத்தில் எதையும் காட்டாமல் கட்டுப்போட்டார். மத்தியானம் வழக்கம்போல் பெஞ்சுக்குப் போனார்.

அன்று அவள் வெகுநேரம் கட்டுத்துணியின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதுதானே?"

"பிடிக்கலை" என்றார் நெட்டை சிஸ்டர். பொய் சொல்ல வரவில்லை. "கண்டக்டர் அக்காவுக்கு நீ செஞ்சது பிடிக்கலை."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"வர்றேன்னு சொன்னேன். வந்தேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். எப்போதும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுபவள், இம்முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, "அந்தத் தடம் நானே பண்ணிக்கிட்டது. டாக்டர்கிட்ட சொல்லணும். நீங்களும் கூட வர்றீங்களா?" என்றாள்.

விசாரணை முடிந்தது. மேட்ரன் கண்டக்டரைக் கூப்பிட்டு, எந்த வார்டு வேண்டுமோ கேள், பிரசவ வார்டில்கூட இடம் இருக்கிறது என்றார். கண்டக்டருக்கு ஆசை வராமல் இல்லை. ஒரு பகல் முழுக்க யோசித்தார். பிறகு மாடிப்படி ஏறி, பழைய வார்டுக்கே வந்தார்.

தட்டுகளை எடுத்த பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அச்சகத்துப் பெண் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். கண்டக்டர் நகர்ந்து இடம் விட்டதும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

"நீ செஞ்சது எனக்கு வலிச்சுது. கோவம் இருக்கு. இன்னும் போகலை" என்றார் கண்டக்டர்.

"என்னை வெறுத்துட்டீங்க."

"கோவம் வேற, வெறுப்பு வேற. நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறே."

"கோவம் இருக்கிறவங்க யாராவது பக்கத்துல வந்து உட்காருவாங்களா?"

"இதோ, உட்கார்ந்திருக்கேனே."

அவள் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள். எந்த நொடியில் எழுந்து போவார் என்று பார்ப்பதுபோல் இருந்தது. கண்டக்டர் எழுந்திருக்கவில்லை.

இதோடு அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. வீட்டுக்குப் போனவள் மறுபடி வந்தாள். அதன்பிறகும் ஒருமுறை வந்தாள். ஆனால் அந்த முறை ஆம்புலன்சில் வரவில்லை. கைகளில் காயம் ஏதும் இல்லாமல், ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு தானே நடந்து வந்து, "ஏதாவது பண்ணிக்குவேனோன்னு பயமா இருக்கு, சேர்த்துக்கோங்க" என்றாள். அன்றைக்கு நெட்டை சிஸ்டர் மாத்திரை அறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டக்டர் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். பின்னால் அவளுக்கு வேறோர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. முதலாளியோடு சண்டை போடுவாள். ஆனால் அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுவாள்.

சமீபத்தில் ஒருநாள் கண்டக்டர் படியிறங்கி வரும்போது மருந்து கொடுக்கும் ஜன்னல் முன்னால் கூச்சல் கேட்டது. மருந்து வாங்க வந்திருந்த அச்சகத்துப் பெண்தான். வரிசையில் அவளைத் தாண்டி யாருக்கோ முதலில் மருந்து கொடுத்துவிட்டார்களாம். மருந்தாளரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். கண்டக்டர் ஒரு படி இறங்கினார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வாசலில் அவள் முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். தோள்கள் ஏறி இறங்கின. பிறகு திரும்பி உள்ளே வந்து ஜன்னலருகே குனிந்தாள். "கத்தினது என் தப்பு. ஆனா நான்தான் முன்னாடி நின்னேன்" என்றாள். மருந்தாளர் ஏதோ முணுமுணுத்தார். அவள் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

கண்டக்டர் அவளைக் கூப்பிடவில்லை. மேலே வார்டில் அன்று காலை வந்த புதுப்பெண் ஒருத்தி யாரையும் கிட்டே விடாமல் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கத் திரும்பிப் படியேறினார்.