அம்மாவிடம் கேட்காத கேள்வி

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் அவருடைய பேருந்தின் பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினோம். அவர் மிதியை அழுத்தினார். நான் அடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்தினேன்.

"விடவாப்பா?"

"பொறுடி, அவசரத்துல பொறந்தவளே."

ஞாயிறன்று மாரடைப்பில் போய்விட்டார். எலாதியோ பர்ராசா, அறுபத்தைந்து வயது, பாரங்கியா நகரப் பேருந்து ஓட்டுநர்.

ஐம்பத்திரண்டு வயதில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை. அதன்பின் இரண்டு வருடம் அவரும் அம்மா நிடியாவும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள். பிறகு, விறைப்பு வருவதற்காக, ஆணுறுப்புக்குள் கருவி வைத்தார்கள்: இரண்டு குழல், வயிற்றில் நீர்ப்பை, விதைப்பையில் சின்ன பம்ப். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அது நல்ல கருவி. பதினொரு வருடத்தில் ஒருமுறைகூடக் கசியவில்லை.

டொமினோ ஆடும் மேசையில் நண்பர்களிடம் அப்பாவே இதைப் பெருமையடித்துவிட்டார். அந்த வருடக் கார்னிவல் திருவிழாவில், பாதிரி அங்கி மாட்டி ஊரைக் கேலி பாடும் கூட்டம் எங்கள் வாசலில் நின்றது. "எலாதியோவுக்குக் காத்தடிக்கணும்!" அம்மா துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"பாடுங்கடா. எங்க வீட்டு பம்ப் வேலை செய்யுது. உங்க வீட்டுக் கதைய உங்க பொண்டாட்டிங்களக் கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

தெரு சிரித்தது. பாடியவர்கள் நகர்ந்தார்கள்.

மருத்துவமனை மட்டும் அவளைக் கேட்கவில்லை. வருடந்தோறும் அப்பாவைத்தான் அழைப்பார்கள். திருப்தியா, ஐந்துக்கு எத்தனை?

"எனக்கு அஞ்சு. இருங்க, அவகிட்டயும் கேளுங்க."

"அதுக்கு இடம் இல்லீங்க."

கட்டிலில் இரண்டு பேர். அவர்கள் தாளில் ஒருவர்.

இந்த வருடம்தான் வாழ்க்கைத்துணைக்கும் ஒரு படிவம் வந்தது. அம்மா பின்பக்கம்வரை எழுதினாள். முதல் ஆறு மாதம் அவருக்கு வலி, எனக்குப் பயம். நீளம் குறையும் என்று நீங்கள் சொல்லவில்லை. அதற்காக அவர் அழுதார். பிறகு பழகியது. பிறகு சிரித்தோம். மதிப்பெண் நாலு. குறைத்த ஒன்று உங்களுக்கு, அவருக்கல்ல.

புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். இறந்துவிட்டார் என்றேன்.

"அடடா. அப்ப ஃபைல மூடிடுறோம்மா."

"எங்கம்மா எழுதினது இருக்கு."

"நோயாளி கையெழுத்து இருந்தாத்தான் அத சேப்போம்."

"செத்தவர் கையெழுத்துப் போடணுமா? உயிரோட இருக்கறவ எழுதியிருக்கா!"

"விதி அப்படிம்மா."

கத்தினேன். இணைப்பைத் துண்டித்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மா என்னை அடக்கவில்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கள் காலை, முதல் நடைக்கு முன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். படிவம் அவருடைய சீருடைப் பையில் நாலாய் மடித்தபடி இருக்கிறது. அவர் கையெழுத்துக் கோடு காலி.