சுவரைப் பார்த்து நின்ற ருஷ்தி

போன மாதம் காலமான ருஷ்தி, கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் இஸ்திரிக்கடை வைத்திருந்தவர். இளவயதில், காபிக்கடையில் ஒருவன் சொன்ன அரசியல் ஜோக்குக்குச் சிரித்ததற்காக இரண்டு வருடம் சிறையில் இருந்தார். சொன்னவனைக் கைது செய்யவில்லை, அவன் போலீஸ் ஆள். வெளியே வந்ததும், குவைத்தில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்ததாகச் சொல்லி இன்ஷிராஹைக் கல்யாணம் செய்துகொண்டார். ஜெயிலுக்குப் போனவனுக்கு அவள் அப்பா பெண் கொடுத்திருக்க மாட்டார். அந்தப் பொய்யை அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற ஒரே பயம்தான் அவருக்கு, மகள் நாதியா பிறந்த பிறகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், முந்தைய ஆட்சியின் சிறைகளைப் பற்றிய நாவல் ஒன்றைப் படமாக்கினார்கள். அந்த ஆட்சி போய்விட்டதால் அனுமதி கிடைத்திருந்தது. காவலர் சீருடைகள் இஸ்திரிக்கு ருஷ்தியிடம் வந்தன. கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் கைதி வேடத்துக்கு ஓர் ஆள் குறைந்தது, அவரை நிறுத்திக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு முகம், யாருக்குத் தெரியப்போகிறது என்று அவரும் சட்டையைக் கழற்றினார். ஒப்பனைக்காரர் ஒவ்வொரு முதுகிலும் சாட்டைத் தழும்பு வரைந்துகொண்டு வந்தார். ருஷ்தியின் முதுகைப் பார்த்து, ஏற்கெனவே வரைந்தாயிற்று என்று நினைத்து அடுத்தவரிடம் போனார்.

காட்சி சுலபம். அதிகாரி உள்ளே வருவார், கைதிகள் முறைக்க வேண்டும். எல்லோரும் முறைத்தார்கள். ருஷ்தி மட்டும் திரும்பி, சுவரில் நெற்றியை வைத்துக் கைகளைத் தூக்கினார். அவர் இருந்த ஜெயிலில் அதிகாரி வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் அடி.

"அண்ணே, அவர் நடிகர். இப்பத்தானே உங்ககூட உக்காந்து டீ குடிச்சாரு," என்றார் உதவி இயக்குநர்.

ருஷ்தி ஆமாம் என்றார். அடுத்த தடவையும் திரும்பினார். பிலிம் வீணாகிறதென்று இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார்.

படம் வந்ததும் இன்ஷிராஹ் பார்த்தே தீரவேண்டும் என்றாள். தலைவலி, கடை வேலை என்று அவர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. முகம்தான் தெரியாதே என்று கூட்டிப்போனார். முகம் தெரியவில்லை. முதுகு திரை முழுக்கத் தெரிந்தது.

அவள் வறுத்த பூசணி விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

"நாதியா அப்பா, குவைத்ல எந்த ஜெயில்?"

அவர் "கெய்ரோவிலதான்," என்றார்.

"வெந்நீர் கொட்டிச்சுன்னீங்க. பத்து வருஷமா எண்ணெய் தேய்க்கறேன்."

"எண்ணெய் இதமாத்தான் இருந்துச்சு."

பின்வரிசையில் ஒருவர், பேசாமல் படத்தைப் பாருங்கள் என்றார். இன்ஷிராஹ் முழுசாகத் திரும்பினாள்.

"அங்க நிக்கறது என் வீட்டுக்காரர். நான் பேசுவேன்."