பெரிய இன்ஜினோடு ஒரு குடித்தனம்

சக்திவாய்ந்த கார் வைத்திருப்பது முழுநேர உத்தியோகம். அதில் விடுப்பும் கிடையாது, சம்பளத்தையும் நாமே கொடுக்க வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் குடியிருந்து கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வரும் நான், நாற்பத்தெட்டாவது வயதில் டர்போ இன்ஜின் செடான் ஒன்றை வாங்கி இந்த உத்தியோகத்திலும் சேர்ந்தேன். நீங்களும் இதே வேலையில் இருந்தால், இதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

சாவி யாருக்கு?

செங்கல்பட்டு ஷோரூமில் விற்பனையாளர் எல்லாவற்றையும் என் கணவரிடமே விளக்கிக்கொண்டிருந்தார். கணவருக்கு ஸ்கூட்டரே அதிகம். வேகம் நாற்பதைத் தாண்டினால் ஹெல்மெட்டுக்குள்ளேயே சாமி கும்பிடுகிறவர். ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியை அவரிடம் நீட்டினார்கள். அவர் வாங்கி அப்படியே என் கையில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

சாலை காலியாகக் கிடந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. திருவிழா ராட்டினத்தில் ஏறிய சிறுமியைப் போலச் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த விற்பனையாளர் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தவர், ஷோரூம் வாசலில்தான் விட்டார். இறங்கியதும் கணவரிடம் சொன்னார்: "சார், உங்களுக்கு நான் காமிக்கணும்னு வெச்சிருந்ததெல்லாம் மேடமே காமிச்சிட்டாங்க."

கடப்பாக்கத்து வேகத்தடைகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு ஐந்து பேராகக் கடப்பாக்கம் போனோம். கடற்கரைக்குத் திரும்பும் தெருவில், ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடைகள் வரிசையாக இருந்தன. முதல் தடையில் வண்டியின் அடிவயிறு கரகரவென்று உரசியது. எனக்கு என் வயிற்றிலேயே உரசியதுபோல் இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு தடைக்கும் பின்சீட்டு மூவரும் இறங்குவார்கள். பாரம் குறைந்த வண்டி ஏறி இறங்கும். மறுபடி அவர்கள் ஏறிக்கொள்வார்கள். மீன்கூடையைத் தலையில் வைத்திருந்த ஓர் அம்மா இதற்குள் எங்களை இரண்டு முறை முந்தியிருந்தார். நான்காவது தடையில் நின்று, வேர்த்துக்கொட்டிய நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாத்துக்குமா வெயில்ல எறங்கி ஏறிக்கினு? பேசாம எங்கூட நடந்து வா, மொதல்ல போயிடலாம்."

எவ்ளோ குடுக்குது?

வண்டியின் நிறத்தைக்கூட யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் மைலேஜ்தான் தெரிய வேண்டும். லிட்டருக்கு ஊருக்குள் பத்து, வெளியே போனால் பதினான்கு என்று உண்மையைச் சொல்வேன். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போவார்கள். வழக்கமாகப் போகும் பங்கில் பெட்ரோல் போடும் செல்விக்கு வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அவள் ஒருநாள் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வூட்டு மாடும்தான் குடிக்குது, ஆனா அது சாயங்காலம் பால் குடுக்குதுக்கா."

முகூர்த்தத்துக்கு ஐம்பது நிமிடம்

பக்கத்து வீட்டு ஏழுமலை டெம்போ ஓட்டுகிறவர். அவர் மகள் கல்யாணம் மாமல்லபுரத்து மண்டபத்தில். பத்தரைக்குள் தாலி கட்ட வேண்டும். ஒன்பது நாற்பதுக்குத்தான் தெரிந்தது, தாலி திருக்கழுக்குன்றத்தில், வீட்டுச் சாமியறையிலேயே இருக்கிறது என்று. ஏழுமலை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மணமேடையில் இருந்த பெண் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழுமலையை வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு என் வண்டியில் ஏறச் சொன்னேன்.

போகும்போது சாலை வழிவிட்டது. தாலியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. பின்னாலேயே ஊர்ந்தோம். மணி பத்தைத் தாண்டியது. ஏழுமலை தாலி டப்பாவை இரண்டு கையாலும் மடியில் அழுத்தியபடி கண்ணை மூடிக்கொண்டார். எதிரே நீளத்துக்குச் சாலை காலியானதும், கியரைக் குறைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். மூச்சு விடுவதற்குள் டிராக்டர் கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது. பத்து இருபதுக்கு மண்டப வாசல்.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போடக்கூட மறந்து நான் அழுதுகொண்டே சிரித்தேன். பந்தியில் எனக்குத் தன் கையாலேயே பாயசம் ஊற்றிய ஏழுமலை சொன்னார்: "பொண்ணுக்குத் தாலி ஏர்றதுக்குள்ள எனக்கு உசுரு எறங்கிட்ச்சிக்கா."

வண்டியில் நூற்றைம்பது குதிரைச் சக்தி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. தினசரிப் பாட்டுக்குப் பத்துக் குதிரை போதும், மிச்சத்தை யாராவது எதையாவது மறந்துவிட்டு வரும் நாளுக்காகத் தீனி போட்டு வளர்த்துவருகிறேன்.