ஞானசிங் கையை இறக்கிய நாள்

ஞானசிங்குக்குப் பயம் காலையில்தான் வரும். கண் விழித்ததும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். இரண்டு தடவை ஈசிஜி எடுத்துப் பார்த்தாகிவிட்டது. இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். வேறு எங்கே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவனே ஒரு மருந்து கண்டுபிடித்துக்கொண்டான். பல் விளக்கும் முன்னால் ஒரு குவார்ட்டர். பத்து நிமிடத்தில் நடுக்கம் நிற்கும். பிறகு ஷேர் ஆட்டோவை எடுப்பான்.

ஒன்பது வருடமாக இதுதான் வழக்கம். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்தவன். தபிதாவைக் கட்டிக்கொண்டு திருச்சானூருக்குக் குடிவந்து, அங்கிருந்து திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஓட்டினான். முப்பத்திரண்டு வயதில் ஒரு நாள், வளைவில் அவன் வண்டியிலிருந்து ஒரு பெரியவர் தவறி விழுந்தார். பின்னால் வந்த பஸ்ஸின் சக்கரம் அவர் தலைமேல் ஏறியது. ஓடிப்போய்த் தூக்கினான். பாதி முகம்தான் மிச்சமிருந்தது. அவன்மேல் தப்பில்லை என்று போலீஸ் எழுதிவிட்டது. அடுத்த வாரமே காலைப் பயம் தொடங்கியது. குடித்துவிட்டு ஆட்களை ஏற்றுகிறோமே என்ற நினைப்பு பயத்தை இன்னும் கூட்ட, மதியத்துக்கும் ஒரு குவார்ட்டர் சேர்ந்துகொண்டது.

பயந்தவன் சாதுவாக இருப்பான் என்று நினைப்போம். ஞானசிங்குக்குப் பயம் ஏறினால் கைதான் முன்னால் போகும்.

மே மாதத்து வெயிலில், ஸ்டாண்டில் ரமணா என்ற டிரைவர் வரிசையை மீறி வண்டியை நுழைத்தான். ஞானசிங் ஹாரன் அடித்தான்.

“ஏமிரா தாகுபோத்து! குடிகாரனுக்கெல்லாம் வரிசையா?” என்றான் ரமணா.

எல்லாரும் சிரித்தார்கள். அன்று மதியக் குவார்ட்டர் இன்னும் உள்ளே போயிருக்கவில்லை. ஞானசிங்கின் காதுக்குள் இரைச்சல் எழுந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி ராடை உருவி ரமணாவின் தோளில் இறக்கினான். காரை எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தவனின் முட்டியில் இன்னொன்று போட்டான். மற்ற டிரைவர்கள் பாய்ந்து அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். முன்பல் இரண்டு போயிற்று.

வாயில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தான். பாட்டில் காலி. தபிதா அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊத்திட்டேன், சாக்கடையில. போதும்” என்றாள், திரும்பாமலே.

அவள் தலைமுடியைப் பிடித்து நெற்றியைச் சமையல் மேடையின் விளிம்பில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவதுக்கு இழுத்தபோது, தபிதா தோசைக்கல்லைத் துணியோடு சேர்த்துத் தூக்கி அவன் முன்கையில் அழுத்தினாள். தோல் கல்லோடு வந்தது. அலறிக்கொண்டு விட்டுவிட்டான்.

“இன்னொரு வாட்டி கை வெச்சே, மூஞ்சியிலயே வெச்சிடுவேன்” என்றாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் அவள் கண்ணை மூடியிருந்தது. அப்படியே வெளியே போனாள். எட்டுத் தையல் போட்டுக்கொண்டு சித்தூரில் தன் அக்கா யூனிஸ் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ஞானசிங் கதவைத் தாழிட்டான். வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்து, இனி ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அது அவனைக் கொல்லப் பார்த்தது. மறுநாள் உடம்பு முழுக்க உதறியது. மூன்றாம் நாள் பகலில், உச்சியில் சுற்றும் ஃபேனிலிருந்து அந்தப் பெரியவரின் பாதி முகம் இறங்கிவந்தது. அதை விரட்ட நாற்காலியைத் தூக்கி ஓங்கி ஓங்கி அடித்தான். சுவரில் தலையை முட்டிக்கொண்டான். பிறகு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு விழுந்தான். சத்தம் கேட்ட வீட்டுக்காரர் நாகபூஷணம் கதவை உடைத்து உள்ளே வந்தார். அவர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

நான்கு நாள் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். கட்டுவதற்கு முன்னால், ஊசி போட வந்த நர்ஸ் ஸ்வர்ணலதாவை வயிற்றில் உதைத்ததாகப் பின்னால் சொன்னார்கள். அவனுக்கு நினைவில்லை. ஐந்தாம் நாள் தெளிந்தபோது அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இத்தன வருஷம் குடிச்சவன் டக்குனு நிறுத்தினா உசுரு போயிடும். டாக்டர பாத்து, மாத்திரையோட நிறுத்தணும். நீ சத்தியம் பண்ணது உன் ஒடம்புக்குத் தெரியுமா?” என்றாள். “சரி, பயம் வந்தா இன்னா பண்ணுவே?”

“குடிப்பேன். இல்லேன்னா அடிப்பேன்.”

“அது தானா எறங்கி எப்பவாவது நீ பாத்துக்கிறியா?”

“இன்னாது?”

“பயம். அது ஏறிக்கினே போவாது. ஏறும், நிக்கும், எறங்கும். எறங்கறதுக்குள்ள நீ ஊத்திக்கற. பத்து நிமிஷம் சும்மா இருந்து பாரு.”

சும்மா இருப்பதற்கும் அவள் வழி சொல்லிக்கொடுத்தாள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிக்க வேண்டும். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வயிறு காலியாக இருக்கக் கூடாது. வியாழக்கிழமைதோறும், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு வர வேண்டும். ஞானசிங்குக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் டிரைவர் கண்ணில் எப்போதும் படுவது நம்பர் பிளேட்தான். மறுபடி ஆட்டோ ஓட்டத் தொடங்கியதும், நெஞ்சு அடித்துக்கொண்டால் வண்டியை ஓரம் கட்டி, போகிற வண்டிகளின் எண்ணை உரக்கப் படித்தான். ஏறியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் தவறிப்போய்க் குடித்துவிட்டான். மறுநாள் தானாகவே போய்ச் சொன்னான். ஸ்வர்ணலதா திட்டவில்லை. “வியாழக்கெழம மட்டும் பத்தாது. வாரத்துக்கு ரெண்டு நாள் வா” என்றாள்.

நான்காம் மாதம், காலை பத்து மணிக்கு, மலையடிவாரத்தில் அலிபிரி பக்கம் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரமணா வழிமறித்தான். கூட அவன் மச்சான் பவன்குமார். ரமணா கல்லால் ஆட்டோ கண்ணாடியை உடைத்தான். பவன்குமார் ஞானசிங்கை வெளியே இழுத்துப் போட்டு விலாவில் உதைத்தான். மூச்சு நின்று வந்தது. ஊர்ந்துபோன கை சீட்டுக்கடியில் ராடைத் தொட்டது. எழுந்து நின்று ஓங்கினான்.

ரமணாவின் தலை இரண்டடி தூரத்தில் இருந்தது. முறிந்து கூடிய தோள் ஒரு பக்கம் சரிந்திருந்ததால் அவனால் அந்தக் கையைத் தூக்கி மறைக்க முடியவில்லை. உதடு நடுங்கியது. அந்த நடுக்கத்தை ஞானசிங் நன்றாக அறிவான்.

“ஏ.பி. முப்பத்தொம்பது... டி.கே... நாலு ஏழு...” என்று, எதிரே நின்ற வேனின் எண்ணைக் கத்திப் படித்தான். மூச்சை நீளமாக விட்டான். மறுபடி படித்தான். கை மெல்ல இறங்கியது. ராடு தரையில் விழுந்தது.

ரமணா அந்தச் சமயம் பார்த்து மறு கையால் அவன் வாயில் குத்தினான். ஞானசிங் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அட்சிட்டியா? என் கணக்கு தீந்துச்சு. தண்ணி குடு, மூஞ்சியில அடிக்கணும்” என்றான்.

பவன்குமார்தான் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தான். ஞானசிங் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ரமணாவுக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“நம்பர் எதுக்குடா படிச்சே?”

“படிக்காம இருந்திருந்தா உன் மண்ட பொளந்திருக்கும்.”

விலா எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒயின் ஷாப் இருந்தது. அதன் வாசலில் நின்றுவிட்டான். நான்கு வண்டி கடந்து போகும்வரை நின்றான். பிறகு நடந்தான்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்து இப்போது பதினோரு மாதம் ஆகிறது. ரமணாவும் அவனும் பேசிக்கொள்வதில்லை; ஆனால் வரிசையை யாரும் மீறுவதில்லை. காலைப் பயம் இன்னும் வருகிறது. சில நாள் பத்து நிமிடத்தில் இறங்கும், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சித்தூருக்குப் போவான். விலாக்கட்டோடு முதல் தடவை போனபோது தபிதா வாசலிலேயே நிறுத்தினாள். நெற்றியில் தழும்பு தடித்திருந்தது.

“அடி வாங்கிக்கினு வந்தா நான் கூட வந்துடுவேன்னு நெனச்சியா?”

“இல்ல. அடிக்கலன்னு சொல்ல வந்தேன்.”

அவள் வெகுநேரம் அவன் கைகளையே பார்த்தாள்.

“கதவு தொறந்தே இருக்கட்டும். அங்கியே ஒக்காரு. சோறு துன்னுட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிடு.”

அவன் சாப்பிட்டான். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினான். அடுத்த ஞாயிறும் தபிதா அதே இடத்தில் தட்டு வைத்தாள்.