என் பிடரி பொதுச்சொத்து

என்னை அடிக்க யாருக்கு வேண்டுமானாலும் உரிமை உண்டு என்று எவன் சொன்னான்? நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோயில் திருவிழா மேடைகளில் தனியாளாக மைக்கைப் பிடித்து ஜனங்களைச் சிரிக்க வைத்தவன் நான். மாடம்பாக்கத்தில் ஒருமுறை கரண்ட் போய் மைக் செத்துவிட்டது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அப்படிப்பட்டவனை சினிமாவுக்குக் கூப்பிட்டு என்ன வேலை கொடுத்தார்கள்? பெரிய காமெடியனுக்குப் பக்கத்தில் நின்று அடி வாங்கும் வேலை. அவர் என் பிடரியில் ஒன்று போடுவார், நான் கண்ணை உருட்டித் தள்ளாடுவேன், தியேட்டரே அதிரும். அடுத்த படத்திலும் அதே அடி. அதற்கடுத்த படத்திலும் அதே.

படத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பின்னாலிருந்து ஒரு கை வந்து சப்பென்று விழும். திரும்பினால் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஆட்டோகிராஃப் கேட்க வெட்கப்படுகிற பயல்கள், அடிக்க மட்டும் வெட்கப்படவில்லை! நானும் சிரித்துத் தொலைத்தேன். கோபித்தால், ரெண்டு படம் நடித்ததும் திமிர் வந்துவிட்டது என்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு மகளைக் கூட்டிப்போனேன். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. அவளுக்காக ஒரு பழைய சைக்கிளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தது அடி.

“இன்னா தல, அடி வாங்காமயே சுத்திகினு கீற?” என்றான் ஒருவன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குதாப்பா?”

“சேச்சே, அப்பாவுக்கு இதெல்லாம் வலிக்காதும்மா.”

அடுத்த வாரம் ஓர் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கதாநாயகியின் அப்பா வேடம். படம் முழுக்க வருகிற, அழுகிற, வசனம் பேசுகிற வேடம். எத்தனை வருஷக் கனவு! எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “கல்யாண சீன்ல மாப்பிள்ளை உங்க பிடரியில ஒரே ஒரு போடு போடுவாரு சார். ஜனங்க அதைத்தானே எதிர்பார்ப்பாங்க,” என்றார். ஒன்றுதானே என்று சரி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் தெருப்பிள்ளைகள் சினிமா விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து என் மகளின் பிடரியில் அடிக்க, அவள் என்னைப் போலவே கண்ணை உருட்டித் தள்ளாடினாள். ஒருவன் ஓங்கியே போட்டான். நான் கத்திய கத்தலில் பிள்ளைகள் பறந்துவிட்டன.

“இப்ப நான்தாம்ப்பா நீ,” என்றாள். கழுத்து சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அங்கேயே நின்று செல்போனில் இயக்குநரைக் கூப்பிட்டேன். “அந்த அடி வேணாம் சார். அடி இல்லாம அப்பாவா நடிக்கிறேன்.”

“அப்புறம் உங்களை எதுக்கு சார் போடணும்? அப்பா வேஷத்துக்கு ஊர்ல ஆளா இல்ல?”

“அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க. இனிமே எவனாவது என் மேல கை வச்சான், கையை ஒடிச்சிடுவேன்!”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “டயலாக் சூப்பர் சார், படத்துலயே வச்சுக்கலாம்,” என்றார். போனை அணைத்தேன்.

மகள் சிரிக்கவில்லை. “வலிக்காதுன்னு சொன்னியேப்பா?”

“வலிக்கும்டா கண்ணு,” என்றேன். “ரொம்ப வலிக்கும்.”